கடலை மருந்தாக விற்ற ஊர்

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் வாசகர் வட்டத்தில் டி.எஸ்.எலியட்டின் 'பாழ்நிலம்' நெடுங்கவிதையை மூன்று அமர்வுகளில் படித்து முடித்தோம். அதன் மூன்றாம் பகுதி லண்டன் நகரையும் தேம்ஸ் ஆற்றையும் சுற்றிச் சுற்றி வருவது. அப்பகுதி முடிவதற்குச் சற்று முன்னால், எவ்வித முன்னறிவிப்புமின்றி ஒரு கடற்கரை ஊரின் பெயர் வந்து விழுகிறது: மார்கேட். "புத்தரும் புனித அகஸ்டினும் வந்து நிற்கின்ற இடத்தில் இந்தச் சிற்றூருக்கு என்ன வேலை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எவருக்கும் உடனே விடை தெரியவில்லை. விடை தேடப் புகுந்த நாங்கள் கவிதையை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக் கொண்டோம். இக்கட்டுரை அந்தத் திசைமாற்றத்தின் விளைவு.

நண்பரின் கேள்விக்கான விடை மிக எளியது. எலியட் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்! 1921ஆம் ஆண்டு அக்டோபரில், மனம் தளர்ந்து, தாம் பணியாற்றிய லாயிட்ஸ் வங்கியில் மூன்று மாத விடுப்புப் பெற்று அவர் மார்கேட்டுக்கு வந்தார். ஊரை ஒட்டிய கிளிஃப்டன்வில் பகுதியிலிருந்த ஆல்பமார்ல் விடுதியில் தங்கினார். நாள்தோறும் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு நிழற்கூடத்தில் அமர்ந்து கவிதையின் மூன்றாம் பகுதியை எழுதினார். மரமும் இரும்பும் கொண்டு கட்டப்பட்ட அந்த நிழற்கூடம் இன்றும் நிற்கிறது. 2009ஆம் ஆண்டு அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. (சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரைக்கும் இவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது எட்வர்ட் எலியட் என்னும் வேறொருவரின் பெயர். எங்கள் வட்டத்திலேயே இந்த ஐயம் எழுந்ததால் சொல்லி வைக்கிறோம்.)

ஆனால், எளிய விடைக்குப் பின்னால் வேறொரு கேள்வி ஒளிந்து கொண்டிருந்தது. மனம் சோர்ந்த ஒரு வங்கிக் குமாஸ்தா ஏன் கடற்கரைக்குப் போக வேண்டும்? மலைக்குப் போகலாம், கிராமத்துக்குப் போகலாம். கடல் எப்படி மருந்தாயிற்று?

கடலாடுதல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அதற்கென்று ஒரு காதையே இருக்கிறது. இந்திர விழாவின் முடிவில் புகார் நகரத்தார் கடலாடச் சென்றதும், அந்தக் கானலில்தான் கோவலனும் மாதவியும் பிரிந்ததும் நாம் அறிந்தவை. இன்றும் ஆடி அமாவாசையன்று இராமேசுவரத்துக் கடலில் தலை முழுகுவோர் பல்லாயிரவர். விழாவுக்காகவும் நீத்தார் கடனுக்காகவும் கடலில் இறங்கினோமே அல்லாமல், வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்து நாம் இறங்கியதில்லை. இங்கிலாந்திலோ நிலைமை தலைகீழ். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே கடல் என்பது மீனவருக்கும் மாலுமிகளுக்கும் உரிய அச்சம் தரும் வெளி. மீனவ ஊர்களின் பழைய வீடுகள் பல, காற்றுக்கு அஞ்சிக் கடலுக்கு முதுகு காட்டியே கட்டப்பட்டிருக்கின்றன. இந்த முதுகைத் திருப்பியவர்கள் மருத்துவர்கள்.

சர் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர் 1702ஆம் ஆண்டு குளிர்ந்த நீராடலின் நன்மைகளைப் பற்றி எழுதினார். யார்க்‌ஷயரின் ஸ்கார்பரோ ஊரில் ஏற்கெனவே ஒரு மருந்து ஊற்று இருந்தது. ஊற்று நீர் குடிக்க வந்தவர்கள் பக்கத்திலேயே இருந்த கடலிலும் இறங்கத் தொடங்கினர். 1735ஆம் ஆண்டு ஜான் செட்டரிங்டன் தீட்டிய ஸ்கார்பரோ காட்சிப் படத்தில் சக்கரம் பூட்டிய ஒரு சிறு மரக்கூண்டு கடலோரம் நிற்கிறது. அதன் பின் வந்தவர் ரிச்சர்ட் ரஸ்ஸல். சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் மருந்து என்று 1750ஆம் ஆண்டு இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். குளித்தால் மட்டும் போதாது, கடல்நீரைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் கட்சி. நோயாளிகளை அவர் அனுப்பிய மீனவ ஊர்தான் பின்னாளில் பிரைட்டன் ஆயிற்று. 1783ஆம் ஆண்டு அங்கே வேல்ஸ் இளவரசர் வந்து சேர, ஊரின் தலையெழுத்தே மாறியது. 1801இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த பிரைட்டன், 1851இல் 65,000 பேர் கொண்ட நகரமாயிற்று. நோய்க்கு வந்தவர்கள் குறைந்து, நோயாளி போல் நடிக்க வந்தவர்கள் பெருகினர் என்று சொன்னால் மிகையாகாது.

மார்கேட்டுக்கு இளவரசர் வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது படகு.

கென்ட் மாவட்டத்தின் கிழக்கு முனையில், தானெட் தீவு என்று இன்றும் அழைக்கப்படும் நிலப்பகுதியில் இருக்கிறது மார்கேட். பெயரில்தான் தீவு. நடுவில் ஓடிய கால்வாய் தூர்ந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தானெட்டின் தானியத்தை லண்டனுக்கு ஏற்றிச் செல்ல 'ஹோய்' எனப்பட்ட ஒற்றைப் பாய்மரப் படகுகள் இருந்தன. போகும்போது தானியம், திரும்பும்போது? வெறும் படகை ஓட்டி வருவதை விடக் குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றி வருவது இலாபம் அல்லவா? குதிரை வண்டிக்குக் கொடுக்கப் பணம் இல்லாத லண்டன் கடைக்காரரும் கைத்தொழிலாளரும் இப்படித்தான் மார்கேட்டுக்கு வந்து சேர்ந்தனர். காற்று ஒத்துழைத்தால் ஒரு பகல். ஒத்துழைக்காவிட்டால் இரவையும் படகிலேயே வாந்தியோடு கழிக்க வேண்டியதுதான். சார்லஸ் லாம் தம் இளமையில் சென்ற இத்தகைய பயணத்தை 1823ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார். நீராவிக் கப்பல்கள் வந்துவிட்ட பிறகு, பழைய படகின் அழுக்கையும் அன்பையும் எண்ணி ஏங்கும் கட்டுரை அது. அதே கட்டுரையில், முதன்முதலாகக் கடலைக் கண்டபோது 'இவ்வளவுதானா!' என்று தமக்குத் தோன்றிய ஏமாற்றத்தையும் ஒளிக்காமல் சொல்கிறார். கடற்கரை இலக்கியத்தில் இந்த நேர்மை அரிது.

படகு வந்தது சரி, இறங்கியவர்கள் என்ன செய்தனர்? 1736ஆம் ஆண்டு தாமஸ் பார்பர் என்ற தச்சர், தம் வீட்டருகே கடல்நீர் பாயும் குளியல் தொட்டி ஒன்றைக் கட்டிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். 1750ஐ ஒட்டி, பெஞ்சமின் பீல் என்ற குவேக்கர் சமயத்தவர் குளியல் வண்டிக்கு ஒரு மேம்பாடு கண்டார். அந்த வண்டி இயங்கிய விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். பின்னால் வரப்போகும் பலவற்றுக்கும் அதுவே வித்து.

காலையில், பெரும்பாலும் வெயில் ஏறுவதற்கு முன், ஊர் நடுவே கடலை ஒட்டியிருந்த 'குளியல் அறை'களில் மக்கள் கூடுவர். பெயரைப் பதிந்துவிட்டு முறைக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் செய்தித்தாள் படிக்கலாம், அரட்டை அடிக்கலாம், வைத்தியர் சொன்னபடி ஒரு குவளைக் கடல்நீரையும் குடித்து வைக்கலாம். முறை வந்ததும், நான்கு சக்கரம் கொண்ட மரக்கூண்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார் குளிப்பவர். குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். உள்ளே ஆடை களைவதற்குள் வண்டி இடுப்பளவு நீரில் நிற்கும். அப்போது வண்டிக்காரர் ஒரு கயிற்றைத் தளர்த்துவார். வண்டியின் பின்புறம் மடித்து வைக்கப்பட்டிருந்த கித்தான் கூடாரம் விரிந்து, குடைபோல் நீர்மட்டம் வரை கவிந்துகொள்ளும். இதுதான் பீலின் கண்டுபிடிப்பு. கரையிலிருந்து எவர் கண்ணிலும் படாமல் படிகளில் இறங்கி நீராடலாம். நீராடலாம் என்பதை விட நீராட்டப்படலாம் என்பதே பொருந்தும். குளிப்பாட்டுவதற்கென்றே இருந்த வலுவான பெண்கள், நடுங்குபவரைப் பிடித்து அலை வரும் நேரம் பார்த்துத் தலையோடு முழுக்குவர். பிரைட்டனில் இத்தொழில் செய்த மார்த்தா கன் என்ற அம்மையார் நாடறிந்த பெயராகவே இருந்தார். மீனவக் குடும்பத்துப் பெண்ணின் கைகளில் சீமாட்டி ஒருத்தி நடுங்கிக்கொண்டு நிற்பதை எண்ணிப் பாருங்கள்!

இதில் இன்பம் எங்கே என்று கேட்கலாம். இல்லை என்பதே விடை. கடல் கசக்கும் மருந்தாக இருந்த காலம் அது. ஆனால் முழுக்குவது சில நிமிட வேலை. மீதி நாளை என்ன செய்வது? இந்த 'மீதி நாள்'தான் கடற்கரை ஊர்களைக் கட்டியது. மார்கேட்டில் 1769ஆம் ஆண்டு செசில் சதுக்கம் எழுந்தது. நடனக் கூடமும் புத்தக வாசக சாலைகளும் வந்தன. 1787இல் திறந்த ராயல் நாடக அரங்கம், இங்கிலாந்தின் பழமையான அரங்கங்களுள் ஒன்றாக இன்றும் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி நடப்பதற்கென்றே சாலைகள் அமைந்தன. அந்தக் கடற்கரை உலாவைத்தான் கிராண்ட் டஃப் 1880களில் சென்னைக்குக் கொண்டு வந்து, மெரினா என்று பெயரும் வைத்தார்.

ஒரு மீனவ ஊரைப் பிடித்து, மருத்துவப் புகழ் பூசி, மனை விற்றுக் காசாக்கும் தொழிலையும் அக்காலத்தவர் அறிந்திருந்தனர். ஜேன் ஆஸ்டின் 1817ஆம் ஆண்டு, தம் இறுதி நோயின்போது எழுதி முடிக்காமல் விட்ட 'சாண்டிடன்' நாவலின் கருவே அதுதான். தன் சிற்றூரை அடுத்த பிரைட்டனாக்கத் துடிக்கும் ஒரு நல்ல மனிதரின் வெறி! நாவல் நின்றுபோன இடத்தில் அந்த ஊருக்கு இன்னும் போதிய கூட்டம் வரவில்லை. கடற்கரை ஊர்களுக்குப் 'புத்துயிர்' ஊட்ட இன்று எழுதப்படும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் முகம் எங்களுக்கு நினைவு வருகிறது.

மார்கேட்டின் வரலாற்றில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்த கட்டடம் வேறொன்று. 1791ஆம் ஆண்டு, ஜான் கோக்லி லெட்சம் என்ற லண்டன் மருத்துவர் ஒரு வினாவை எழுப்பினார். கடல் மருந்து என்றால், அது ஏழைக்கும் கிடைக்க வேண்டாமா? லெட்சமும் ஒரு குவேக்கர். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்தவர். தந்தை வழியாகத் தமக்கு வந்த அடிமைகளை விடுவித்தவர். லண்டன் சந்துகளில் கண்டமாலை நோயால் கழுத்துப் புடைத்து வாடிய ஏழைகளுக்காக மார்கேட்டில் ஒரு கடல்நீராடல் மருத்துவமனை அமைக்கலாம் என்றார். நன்கொடைகள் சேர்ந்தன. 1796ஆம் ஆண்டு மருத்துவமனை திறந்தது. நோயாளிகள் வந்ததும் அதே ஹோய் படகுகளில்தான். கண்டமாலை என்பது காசநோயின் ஒரு வடிவம் என்பது அன்று தெரியாது. கடல்நீர் அதைக் குணமாக்கவில்லை என்பதை இன்று நாம் அறிவோம். ஆயினும் லண்டன் புகையை விட்டு விலகி, நல்ல உணவும் வெயிலும் காற்றும் பெற்ற பிள்ளைகள் தேறினர். மருத்துவமனையில் திறந்த தாழ்வாரங்கள் அமைக்கப்பட்டு, நோயாளிகளின் கட்டில்கள் கடற்காற்றில் கிடத்தப்பட்டன. கோட்பாடு தவறு, பலனோ ஓரளவு மெய். மருத்துவ வரலாற்றில் இத்தகைய நல்ல தவறுகள் சில உண்டு.

நீராவி வந்ததும் எல்லாம் விரைந்தது. 1815இல் தொடங்கிய நீராவிக் கப்பல்கள், 1830களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை மார்கேட் துறையில் இறக்கின. மனைவி மக்களைக் கோடை முழுதும் மார்கேட்டில் விட்டுவிட்டு, வார இறுதியில் லண்டனிலிருந்து வரும் கணவன்மாரைச் சுமந்த கப்பலுக்குக் 'கணவர் கப்பல்' என்றே பெயர்! 1846இல் இரயில் வந்தது. 1855இல் யூஜினியஸ் பர்ச் என்ற பொறியாளரின் இரும்புத் துறைமேடை கடலுக்குள் நீண்டது. கப்பல் அணைவதற்காகக் கட்டப்பட்டது, நாளடைவில் சும்மா நடப்பதற்கான இடமாயிற்று. பர்ச் பின்னர் பிரைட்டன், பிளாக்பூல் உள்ளிட்ட பல ஊர்களில் துறைமேடைகள் கட்டினார்.

இடையே 1835இல் பூமிக்கடியில் ஏறத்தாழ 46 லட்சம் சிப்பிகள் பதித்த ஒரு குகை மார்கேட்டில் கண்டெடுக்கப்பட்டது. கட்டியவர் யார், எந்தக் காலம், எதற்காக என்று எதுவும் தெரியாது. சில ஆண்டுகளிலேயே கட்டணம் வைத்துக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். புதிரை விற்பதற்கு விடை தேவையில்லை போலும்!

1830களிலும் 40களிலும் மார்கேட்டின் வானொளிக்காக மீண்டும் மீண்டும் வந்தவர் ஓவியர் டர்னர். சிறுவயதில் இங்கே சிறிது காலம் பள்ளியில் படித்தவர். துறைமுகத்தை ஒட்டி சோஃபியா பூத் என்ற கைம்பெண் நடத்திய விடுதியில் தங்குவார். அந்த அம்மையார் பின்னர் அவர் வாழ்க்கைத் துணையானார். லண்டன் செல்சியில் அவர்கள் வாழ்ந்தபோது அண்டை வீட்டார் டர்னரைத் 'திரு. பூத்' என்றே அறிந்திருந்தனராம். நாட்டின் தலைசிறந்த ஓவியர் விடுதிக்காரியின் கணவராக அறியப்படுவதில் நிறைவு கண்டார் என்பது எங்களுக்கு அவர் ஓவியங்களைப் போலவே பிடித்திருக்கிறது.

1871இல் சர் ஜான் லப்பக் கொண்டு வந்த வங்கி விடுமுறைச் சட்டம் உழைப்பவருக்குச் சில விடுமுறை நாட்களை உறுதி செய்தது. வடக்கே லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் ஊர் ஊராக, வாரம் வாரமாக, ஆலையை மூடிவிட்டுப் பிளாக்பூலுக்குச் சென்றனர். 1894இல் ஈஃபிலைப் பார்த்து அங்கே ஒரு கோபுரமே எழுந்தது. மார்கேட்டில், கைவிடப்பட்ட ஒரு இரயில் நிலையத்தின் மனையில் வளர்ந்த கேளிக்கைக் கூடம், 1920ஆம் ஆண்டு ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பவரின் கையில் 'ட்ரீம்லேண்ட்' ஆயிற்று. அதன் பெருமை மரத்தாலான ஏறியிறங்கும் இரயில். 'சீனிக் ரயில்வே' என்று பெயர். வண்டியிலேயே ஒரு பணியாளர் நின்றபடி பயணித்து, இறக்கங்களில் கையால் தடை போடுவார். 1938இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டமும் வந்தது. போருக்குப் பின் ஓராண்டின் உழைப்பெல்லாம் கோடையின் ஒரு வாரத்தில் மார்கேட் மணலில் செலவாயிற்று.

பிறகு வந்தது சரிவு. ஸ்பெயின் வெயிலும் மலிவு விமானமும் என்று ஒரே வரியில் காரணம் சொல்வது வழக்கம். 1950இல் தொடங்கிய விமானச் சுற்றுலாத் திட்டங்கள் 1960களிலும் 70களிலும் பெருகியது உண்மையே. ஆனால் அதுமட்டுமே காரணமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. உள்நாட்டு ஊருக்கு நான்கு திசையிலும் சுற்றுப்புறம் உண்டு. கடற்கரை ஊருக்குப் பாதிச் சுற்றுப்புறம் நீர். இருப்புப்பாதை அங்கே முடிகிறது, கடந்து செல்வதில்லை. வேலை கோடைக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்தினருக்கென்றே கட்டப்பட்ட பத்து, இருபது அறை கொண்ட பெரும் விடுதிகள். விருந்தினர் வராதபோது அவற்றை என்ன செய்வது? அறை அறையாகப் பிரித்து ஏழைகளுக்கு வாடகைக்கு விடுவதே கண்ணெதிரே இருந்த வழி. வேலையற்றோரும், வீடற்றோரும், லண்டன் நகராட்சிகள் தம் பொறுப்பிலிருந்து அனுப்பிவைத்த பெற்றோரில்லாப் பிள்ளைகளும் கிளிஃப்டன்வில்லின் பழைய விடுதிகளில் குடியேற்றப்பட்டனர். எலியட் தங்கிய அதே கிளிஃப்டன்வில்!

இதற்கிடையே 1964 மே மாதம், 'மாட்ஸ்', 'ராக்கர்ஸ்' என்ற இரு இளைஞர் கூட்டத்தார் மார்கேட் கடற்கரையில் மோதிக்கொண்டனர். நாளேடுகள் அதை உள்நாட்டுப் போர் அளவுக்கு ஊதின. அவ்வாறு ஊதப்பட்ட விதத்தை ஆராய்ந்து ஸ்டான்லி கோஹன் 1972இல் எழுதிய நூல், சமூகவியலில் இன்றும் பேசப்படுகிறது. ஊரின் பெயர் கெட்டது கெட்டதுதான். 1978 ஜனவரிப் புயலில் பர்ச்சின் துறைமேடை உடைந்து சிதறியது. 2003இல் ட்ரீம்லேண்டை மூடிவிட்டு மனையை வேறு வகையில் பயன்படுத்த உரிமையாளர் திட்டமிட்டார். 2005இல் ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகம் திறக்கவும், மார்கேட் கடைத்தெருவில் பலகைகள் அடைத்த முகப்புகள் பெருகின. 2008இல் யாரோ வைத்த தீயில் மர இரயிலின் ஒரு பகுதி எரிந்தது.

மீட்சியின் கதை இரண்டு தடங்களில் செல்கிறது. இரண்டும் அக்கம்பக்கத்தில், சில நூறு மீட்டர் இடைவெளியில் நடந்தவை, இயல்பிலோ வேறானவை.

முதலாவது, மேலிருந்து வந்தது. டர்னர் தங்கிய விடுதி இருந்த இடத்தில் ஒரு கலைக்கூடம் கட்டினால் ஊர் பிழைக்கும் என்று மாவட்ட நிர்வாகம் நம்பியது. கடலுக்குள்ளேயே நிற்கும்படியான முதல் வடிவமைப்பு, செலவு எகிறியதால் 2006இல் கைவிடப்பட்டது. (கடல் அதைக் கைவிடச் சொல்லியிருக்கும் என்பது எங்கள் கருத்து. 1978ஐ மறக்கலாமா?) பின்னர் டேவிட் சிப்பர்ஃபீல்டின் வடிவமைப்பில், 1.75 கோடி பவுண்டு செலவில், வெண்ணிறக் கொட்டகைகள் போன்ற எளிய தோற்றத்துடன் 'டர்னர் காண்டெம்பரரி' 2011 ஏப்ரலில் கரையிலேயே திறந்தது. அனுமதி இலவசம். 2009 டிசம்பரிலேயே விரைவு இரயில் வந்து, லண்டன் பயணத்தை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்திருந்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்தனர். மார்கேட்டில் வளர்ந்து, அந்த ஊரின் அவலங்களையே கலையாக்கிய ட்ரேசி எமின் திரும்பி வந்து, இளங்கலைஞர்களுக்குக் கூடம் அமைத்தார். 2019இல் டர்னர் பரிசுக் கண்காட்சி அங்கேயே நடந்தது. இறுதிப் பட்டியலில் இருந்த நால்வரும் பரிசைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு நடுவர்களைத் திகைக்க வைத்தனர்.

இரண்டாவது, கீழிருந்து வந்தது. ட்ரீம்லேண்டைக் காப்பாற்ற ஊர் மக்கள் 2003இல் ஓர் இயக்கம் தொடங்கினர். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் ஒரே ஒரு காகிதம்தான். மர இரயில் 2002இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் கிடைக்கும் தகுதி கேளிக்கை இரயிலுக்கும் கிடைத்ததால், மனையை முழுதாக அழிக்க எவராலும் முடியவில்லை. எரிந்தாலும் அது சின்னம்தான். பல ஆண்டு இழுபறிக்குப் பின் நகராட்சி மனையைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. 2015 ஜூனில் ட்ரீம்லேண்ட் மீண்டும் திறந்தது. ஓராண்டுக்குள்ளாகவே நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியது. புதிய முதலீட்டுடன் 2017இல் மறுபடியும் திறப்பு விழா. ஆதாயம் என்று பார்த்தால் கலைக்கூடம் வென்றது எனலாம். எங்கள் மனம் என்னவோ அந்த மர இரயிலின் பக்கமே சாய்கிறது. உழைப்பவன் கூச்சலிட்டு மகிழ்ந்த இடமும் வரலாறே என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டதைச் சிறிய செய்தியாக நாங்கள் கருதவில்லை.

புத்துயிருக்கு விலை உண்டு. லண்டன் வாடகை தாங்காத ஓவியரும் இசைவாணரும் முதலில் வந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து காபிக் கடைகளும், அவற்றைப் பின்தொடர்ந்து முதலீட்டாளரும் வந்தனர். 'லண்டனிலிருந்து இறங்கியவர்கள்' என்று உள்ளூரார் அவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டினர். வீட்டு விலையும் வாடகையும் ஏறின. வாரக்கணக்கில் விடப்படும் சுற்றுலா வாடகை வீடுகள் பெருக, நிலையாகக் குடியிருப்போருக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. மார்கேட் என்றுமே லண்டனிலிருந்து வந்தவர்களால் வாழ்ந்த ஊர்தானே, இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். வந்து போனவர்களுக்கும் வந்து வாங்கியவர்களுக்கும் வேறுபாடு இல்லையா என்று இன்னொருவர் மறுத்தார். அந்த அமர்வு வழக்கத்தை விட ஒரு மணி நேரம் நீண்டது, முடிவு எட்டப்படவில்லை.

கடல் மருந்தாக இருந்த கதையின் மறுமுனை 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி அம்மாதம் வெளியிட்ட ஆண்டறிக்கையின் பொருள் கடற்கரைச் சமூகங்களின் உடல்நலம். இதயநோய் முதல் மனநோய் வரை பலவற்றிலும் கடற்கரை ஊர்கள் உள்நாட்டை விட மோசமாக இருப்பதை அது காட்டியது. ஏழ்மையையும் முதுமையையும் கழித்துப் பார்த்த பின்னும் வேறுபாடு முழுதும் மறையவில்லை. பழைய விடுதிகளின் ஈரமான ஒற்றை அறைகளையும், மருத்துவர்களை அங்கே பணிக்கு வரவழைப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும் அறிக்கை குறிப்பிடுகிறது. நோயாளிகளை 270 ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் கடற்கரைக்கு அனுப்பினர். இன்று மருத்துவர்களைக் கடற்கரைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது! அதே ஜூலையில், கென்ட் உள்ளிட்ட தென்கரைக் கடலில் 2010 முதல் 2015 வரை கழிவுநீரைச் சட்டத்துக்கு மாறாகத் திறந்துவிட்டதற்காக அப்பகுதி நீர் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 9 கோடி பவுண்டு தண்டம் விதித்தது. ரஸ்ஸல் குடிக்கச் சொன்ன நீர்!

இத்தனைக்கும் மக்கள் கடலில் இறங்குவதை நிறுத்தவில்லை. கிளிஃப்டன்வில்லின் கீழே வால்போல் விரிகுடாவில், 1937இல் கட்டப்பட்ட நான்கு ஏக்கர் கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. ஏற்றத்தில் அலை அதை மூடும். இறக்கத்தில் நீர் உள்ளே தங்கும். சில ஆண்டுகளாக, பனிக்காலத்திலும் கூட அங்கே குளிர்நீராடுவோர் கூடுகின்றனர். உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்கிறார்கள். ஃபிளாயர் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார். கித்தான் கூடாரம் இல்லை, முழுக்கிவிடும் அம்மையாரும் இல்லை. நடுக்கம் மட்டும் அதே நடுக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

லெட்சமின் மருத்துவமனை என்னவாயிற்று என்று சொல்லவில்லையே? காசநோய்க்கு மருந்து வந்தபின் தேவை குறைந்து, 200 ஆண்டுகள் நடந்த பின், 1996இல் அது மூடப்பட்டது. கட்டடத்தின் தூண்கள் கொண்ட முகப்பு அப்படியே இருக்கிறது. லண்டன் சந்துகளின் பிள்ளைகள் கட்டிலோடு வெயிலில் கிடத்தப்பட்ட அந்த இடம், இப்போது கடல் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் எலியட்டின் நிழற்கூடம் வரும். அதில் உட்காரக் கட்டணம் இல்லை.